எடைக்குப் போடும் முன்...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

'கெட்டுப் போய்விட்டது' என்று நாம் எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! மின்விசிறி சுற்றவில்லையா? கெட்டுப் போய்விட்டது. வானொலி கரகரக்கிறதா? கெட்டுப் போய்விட்டது. இந்த ஒரு சொல்லைச் சொன்னதும் நம் கடமை முடிந்ததாக எண்ணி, பழைய இரும்பு வாங்க வருபவரின் குரலுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோம். என்ன கெட்டது, எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்று யாரும் கேட்பதில்லை. அறிவியல் படிக்கும் நாமும் கேட்பதில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அறிவியலே. அதைக் கற்பிக்காத அறிவியல் படிப்பு அரைப் படிப்பே. இந்தக் கருத்தை நான் எந்த நூலிலும் படித்துப் பெறவில்லை. ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியும், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தாய்மாமாவும் சேர்ந்து எனக்குப் புகட்டியது இது.

மன்றத்துப் பெட்டி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஓர் இளைஞர் மன்றம் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த ஒரே அறை. அதன் ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக் கொண்டு ஒரு புரொஜக்‌ஷன் டி.வி. நின்றிருந்தது. 43 அங்குலத் திரை. அலமாரி போன்ற உடம்பு. நகர்த்த வேண்டுமானால் நான்கு பேர் வேண்டும். மணமேடையில் நடக்கும் முகூர்த்தத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு கல்யாண மண்டபத்தார் ஒரு காலத்தில் வாங்கியது அது. தட்டையான புதுப் பெட்டிகள் வந்ததும் அவர்கள் எங்கள் மன்றத்துக்கு விட்டுக் கொடுத்தார்கள்.

கிரிக்கெட்டும் செய்தியும் மட்டுமல்ல. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி அன்று விடியற்காலையில் பரமபத வாசல் திறப்பதையும் அதில்தான் பார்ப்போம். கோயில் எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரம்தான். ஆனால் அந்த நாளின் நெரிசலில் எழுபது வயதுப் பாட்டிகள் எங்கே நுழைவது? கோயிலின் நிழலில் பிறந்து வளர்ந்தவர்கள், திறப்பு விழாவைப் பெட்டியில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

சென்ற கார்த்திகையில் அந்தப் பெட்டி தடுமாறியது. செய்தி வாசிப்பவருக்கு மூன்று முகங்கள் தெரிந்தன. பச்சை முகம் நடுவில் நின்றது. சிவப்பு முகம் ஒரு பக்கம் சரிந்தது. நீல முகம் வில்லாக வளைந்து போயிற்று. படம் முழுவதும் பனி மூடியதுபோல் மங்கல். வலப்பக்க ஒலிபெருக்கி ஊமை. பெட்டியோடு இணைத்திருந்த மன்றத்து ஆம்ப்ளிஃபயரிலோ 'உம்ம்' என்று ஓயாத முணுமுணுப்பு.

மன்றம் கூடியது. பெட்டியை எடைக்குப் போட்டால் 900 ரூபாய் கிடைக்கும். வீட்டுக்கு 400 ரூபாய் வசூலித்துப் புதுப் பெட்டி வாங்கலாம் என்றார்கள். எங்கள் தெருவில் பூக்கட்டுவோரும் கட்டட வேலைக்குப் போவோரும் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குவோரும்தான் மிகுதி. அவர்களுக்கு 400 ரூபாய் சிறிய தொகை அன்று. ஆயினும் எவரும் மறுத்துப் பேசவில்லை. விசாரிக்காமல் தீர்ப்பளித்த பாண்டியனின் கதையைச் சிலம்பில் படித்துக் கண்ணீர் விடுகிறோம். நம் வீட்டுப் பொருள்களுக்கு நாள்தோறும் அதே தீர்ப்பைத்தான் அளிக்கிறோம்!

நான் எழுந்து இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "நீதான் பி.எஸ்ஸி. படிக்கிறியே தம்பி, நீயே சரி பண்ணிடேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு உறக்கம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வில்லைச் சூத்திரத்தை வரிக்கு வரி வருவிப்பேன். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் படம் எப்படித் திரைக்கு வருகிறது என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. அந்த உண்மை எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

வாய்க்காலின் நடுவில் நில்!

ராஜகோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் மாமாவின் பழுதுபார்க்கும் கடை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டி.வி. மெக்கானிக். அவரை அழைத்து வந்தேன். வந்தவர் திருப்புளியைக் கையில் எடுக்கவே இல்லை. அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். எப்போது தொடங்கியது? திடீரென்றா, கொஞ்சங் கொஞ்சமாகவா? போட்டவுடனேயா, சூடேறிய பின்பா? அதற்கு முன் இடி மின்னல் உண்டா? யாராவது பெட்டியை நகர்த்தினார்களா?

"மாமா, திறந்து பாத்தாத்தானே தெரியும்?" என்றேன் பொறுமை இழந்து.

"மாப்ளே, வாய்க்கால்ல தண்ணி வரலைன்னு வச்சுக்க. தலைப்புலேருந்து கடைமடை வரைக்கும் அடி அடியாவா தேடுவே? நேரா நடுவுல போயி நில்லு. அங்க தண்ணி இருந்தா அடைப்பு கீழ. இல்லேன்னா அடைப்பு மேல. அப்புறம் மிச்சம் இருக்கறதுல பாதி. அவ்வளவுதான் வேலை" என்றார்.

நண்பர்களே, கணிப்பொறியியல் வகுப்பில் 'இருமத் தேடல்' என்று படிக்கிறோமே, அது இதுதான். ஆயிரம் இடங்களில் ஒன்றில் ஒளிந்துள்ள பழுதை இவ்வாறு பாதி பாதியாகக் கழித்தால் பத்தே அடிகளில் பிடித்துவிடலாம். மாமாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. எனக்குப் பெயர் மட்டுமே தெரிந்திருந்தது.

முதலில் ஒலி. செட்டாப் பெட்டியிலிருந்து டி.வி.க்கு வரும் வெள்ளை, சிவப்பு முனைகளை இடம் மாற்றிச் செருகச் சொன்னார். ஊமைப் பக்கம் மாறினால் கோளாறு வெளியே, மாறாவிட்டால் பெட்டிக்குள்ளே. மாறவில்லை. பின்மூடியைக் கழற்றி, ஒலிபெருக்கியின் முனைகளில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டார். 'டக்' என்று சத்தம் வந்தது, ஒலிபெருக்கி நலம். அதற்கு வரும் கம்பியை மறுமுனையில் சோதித்தால் ஓட்டம் இல்லை. கம்பி வழியே விரலை ஓட்டிப் பார்த்தார். நடுவில் எலி கடித்திருந்தது! செலவு ஒரு சாண் கம்பி.

அடுத்து அந்த முணுமுணுப்பு. "இது அம்பதா நூறா, பாரு" என்றார். கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைத் திறந்து வைத்தேன். 50 என்று காட்டியது. நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதை முழு அலைத் திருத்தி வழியாக நேர்திசையாக்கினால் எஞ்சும் சிற்றலை 100 ஹெர்ட்ஸ். ஆகவே முணுமுணுப்பு 100 ஆக இருந்தால் மின்வழங்கியில் உள்ள கண்டன்சர் உலர்ந்து போயிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். 50 ஆக இருந்தால் மின்னிணைப்பிலிருந்தோ நிலத்தொடர்பிலிருந்தோ வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். முழு அலைத் திருத்தியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி 10 மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தச் சிற்றலையைக் காதால் கேட்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

மாமா செட்டாப் பெட்டியிலிருந்து கேபிள் கம்பியைப் பிடுங்கினார். முணுமுணுப்பு நின்றது. கேபிளின் மேலுறை தெருவில் ஓரிடத்தில் நிலத்தைத் தொடுகிறது. ஆம்ப்ளிஃபயர் மன்றத்தின் மூன்று முனைச் செருகி வழியாக வேறோர் இடத்தில் நிலத்தைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு வளையம்; அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே எங்கள் காதில் விழுந்த முணுமுணுப்பு. கேபிள் பாதையில் அதற்கென உள்ள பிரிப்பான் ஒன்றைச் செருகியதும் தீர்ந்தது. டி.வி.யில் எந்தக் குற்றமும் இல்லை. நாங்கள்தான் அதன் மீது பழி சுமத்தியிருந்தோம்.

மூன்று முகங்களின் கதை

பிறகு படம். செட்டாப் பெட்டியின் மஞ்சள் முனையைப் பக்கத்து வீட்டு இலவச டி.வி.யில் செருகினோம். படம் பளிச்சென்று வந்தது. எனவே கோளாறு எங்கள் பெட்டிக்குள்ளேதான்.

இந்த இடத்தில் அந்தப் பெட்டியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். சாதாரண வண்ணத் தொலைக்காட்சியில் ஒரே படக்குழாய். அதன் முகத்திலேயே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் உண்டு. புரொஜக்‌ஷன் டி.வி.யிலோ சிறிய குழாய்கள் மூன்று, வண்ணத்துக்கு ஒன்றாக அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வில்லை. குழாய்க்கும் வில்லைக்கும் நடுவே சூட்டைத் தணிக்கும் ஒரு திரவம். மூன்று ஒளியும் பின்புறத்துப் பெரிய ஆடியில் பட்டுத் திரும்பித் திரையின் பின்பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக விழ வேண்டும். நடுவிலுள்ள பச்சை நேராக விழும். பக்கவாட்டிலுள்ள சிவப்பும் நீலமும் சாய்வாக விழுவதால் அவற்றின் படம் சதுரமாக இராது. ஒரு பக்கம் அகன்று சரிவகமாகும். அந்தக் கோணலை ஈடு செய்வதற்காகவே ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் தனிக் கம்பிச்சுருள்கள் உண்டு. அவற்றுக்கு மின்னோட்டம் தரும் இரண்டு பெரிய ஐ.சி.க்கள் எந்நேரமும் சூட்டில் வேகின்றன.

மாமா இரண்டு வில்லைகளை அட்டையால் மூடி ஒன்றை மட்டும் திறந்து விட்டார். சிவப்பு மட்டும், பிறகு பச்சை மட்டும், பிறகு நீலம் மட்டும். ஒவ்வொரு படமும் தனித்தனியே முழுமையாக, கூர்மையாக இருந்தது. ஆகவே குழாய்கள் குற்றமற்றவை, வில்லைகள் குற்றமற்றவை. மூன்றையும் ஒன்று சேர்க்கும் சுற்றில்தான் பழுது. ஓர் அட்டைத் துண்டு கொடுத்த தீர்ப்பு இது! அந்தச் சுற்றில் மல்டிமீட்டரை வைத்ததும் கருகிய ஒரு மின்தடையும் இறந்த ஓர் ஐ.சி.யும் அகப்பட்டன.

மங்கலுக்குக் காரணம் ஆடியில் படிந்த தூசி. நான் செய்தித்தாளைக் கசக்கி எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார். வீட்டுக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். இதில் முன்பக்கமே பூச்சு. அழுத்தித் துடைத்தால் பூச்சு போய்விடும். ஏன் முன்பக்கம்? பின்பக்கம் பூசினால் கண்ணாடியின் முகப்பிலிருந்து ஒரு மங்கிய படமும் பூச்சிலிருந்து ஒரு தெளிந்த படமும் என்று இரட்டையாக விழும். இதையும் நான் படித்திருக்கிறேன். படித்தது கைக்கு இறங்கவில்லை.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்த முதல் ஐ.சி. போலி, பத்து நிமிடத்தில் உயிரை விட்டது. இரண்டாவதை மாமா தன் கடையில் கிடந்த ஓர் உயிரற்ற பெட்டியிலிருந்து எடுத்தார். கட்டம் போட்ட படத்தைத் திரையில் விட்டு மூன்று வண்ணக் கோடுகளையும் ஒன்றாக்க மூன்று மணி நேரம் பிடித்தது. மொத்தச் செலவு 1,350 ரூபாய். ஏகாதசிக்கு ஐந்து நாள் முன்னதாகப் பெட்டி தெளிந்தது.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு டி.வி.யைத் திறக்கக் கிளம்பிவிட வேண்டாம். படக்குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தம் இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட். மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னூட்டம் உள்ளே தங்கியிருக்கும். அன்று பெட்டியைத் திறந்தவர் மாமா. நான் விளக்குப் பிடித்தேன். கேட்பதும் பார்ப்பதும் பாதி பாதியாகக் கழிப்பதும் மூடிக்கு வெளியே நின்றே செய்யக் கூடியவை.

ஒன்றரைக் கோடிப் பெட்டிகள்

இது ஒரு மன்றத்தின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதியாக அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். 2011-இல் ஆட்சி மாறித் திட்டம் நிற்கும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குச் சென்றன. அரசு நிறுவனமான எல்காட் வழியே கொள்முதல் நடந்தது. அத்தனையும் படக்குழாய்ப் பெட்டிகள். அந்தத் திட்டம் சரியா தவறா என்று வாதிடுவது என் நோக்கம் அன்று. எங்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. சிறு வயதில் அதில்தான் நான் படம் பார்த்தேன்.

என் கேள்வி வேறு. அந்தப் பெட்டிகள் எங்கே போயின? மாமா சொல்வதைக் கேளுங்கள். திரையின் குறுக்கே ஒரே ஒரு படுக்கைக் கோடு மட்டும் தெரிந்தால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் சுற்றில் பழுது. பெரும்பாலும் ஓர் ஐ.சி., அல்லது விட்டுப்போன ஒரு பற்றவைப்பு. மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் தெரிந்தால், அருகில் ஒலிபெருக்கி போன்ற காந்தப் பொருள் இருந்திருக்கிறது. காந்தத்தை நீக்கினால் போதும். தட்டினால் வருகிறது, தட்டினால் போகிறது என்றால் 'டிரை சால்டர்'. இவையெல்லாம் சில்லறைச் செலவில் தீரக் கூடியவை. ஆனால் பலர் கடைக்கே எடுத்து வராமல், 'கெட்டுப் போய்விட்டது' என்று எடைக்குப் போட்டார்கள்.

எடைக்குப் போனது அங்கே என்னவாகிறது? கழுத்திலுள்ள செம்புக் கம்பிச்சுருளுக்காகக் குழாயை உடைக்கிறார்கள். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைந்த கண்ணாடி குப்பை மேட்டுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது. மின்கழிவுகளுக்கான முதல் விதிகள் நம் நாட்டில் 2012 மே 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. அதாவது, ஒன்றரைக் கோடிப் பெட்டிகளும் வீடு போய்ச் சேர்ந்த பிறகே அவற்றை எப்படி அப்புறப்படுத்துவது என்ற சட்டம் பிறந்தது! பின்னர் விதிகள் 2016-லும் 2022-லும் திருத்தி எழுதப்பட்டன. விதிகள் வந்தும், தெருவில் கூவி வருபவரே நமக்கு அருகில் இருக்கிறார்.

உலகம் இந்தக் கேள்வியை இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறது. பிரான்சு நாடு 2021 முதல் தொலைக்காட்சி, கைப்பேசி முதலிய பொருள்களுக்குப் 'பழுது பார்க்க எவ்வளவு எளிது' என்று பத்துக்கு மதிப்பெண் இட்டு விற்க வேண்டும் என்றது. கழற்ற முடிகிறதா, உதிரி பாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன, விளக்கக் குறிப்பு உண்டா என்பவையே அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஓர் ஆணை இயற்றியது. நம் நாட்டிலும் நுகர்வோர் துறை 2022-இல் இதற்கு ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையத்தளமும் தொடங்கியது. பழைய வானொலிப் பெட்டிகள் பலவற்றில் சுற்றுப்படத்தை உள்ளேயே ஒட்டியிருப்பார்கள் என்று மாமா சொல்வார். இன்றைய பெட்டியில் சுற்றுப்படமும் இல்லை; பாகம் மாற்றுவதும் அரிது. 'போர்டையே மாத்துங்க' என்பதே விடை.

மறுப்புக்கு ஒரு மறுமொழி

"பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்துமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பெட்டியின் முதுகில் 190 வாட் என்று எழுதியிருந்தது. 32 அங்குல எல்.இ.டி. பெட்டிக்கு 50 வாட் போதும். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் வேறுபாடு 0.7 யூனிட், மாதத்துக்கு 21 யூனிட். இதை நான் மறைக்கவில்லை. எல்லாப் பழம்பொருளையும் காப்பாற்றுங்கள் என்பது என் வாதம் அன்று. காப்பாற்றுவதா கைவிடுவதா என்பதை அறிந்து முடிவு செய்யுங்கள் என்பதே என் வாதம்.

நம் திருச்சிக்கு இது புதிய பாடமும் அன்று. பொன்மலைப் பணிமனையைப் பாருங்கள். நீலகிரி மலை இரயிலின் நீராவி எஞ்சின்கள் அங்கேதான் பழுது பார்க்கப்படுகின்றன. அந்த அனுபவத்தைக் கொண்டு அதே வகை எஞ்சின்களைப் புதிதாகவும் அங்கே கட்டியிருக்கிறார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவன் ஆக்கவும் தெரிந்தவனாகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சர் சி. வி. இராமன் 1888-இல் பிறந்த திருவானைக்காவல் எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தொலைவு. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவர் 1921-இல் கப்பலில் நின்று கேட்டார். வானத்தின் நிழல்தான் என்று அதற்கு முன்பே ஒரு விடை இருந்தது. அந்த விடையோடு அவர் அமைதி அடையவில்லை. ஒவ்வொரு பிப்ரவரி 28-லும் அவரைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். அவர் கேட்டதுபோல் ஒரு கேள்வி கேட்க ஒரு போட்டி வைத்தோமா?

நான் வேண்டுவது

நம் செய்முறை வகுப்புகளை எண்ணிப் பாருங்கள். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகள். அண்ணன்மார் எழுதிய பதிவேட்டைப் பார்த்து எழுதும் பதிவேடுகள். கருவி ஓடாவிட்டால் 'வேலை செய்யவில்லை' என்று ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் பாடம் தொடங்குவது அந்த ஓடாத கருவியில்தான்!

ஆகவே நான் பணிவோடு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று: ஒவ்வொரு பருவத்திலும் ஒரு செய்முறையாவது 'பழுது நாடல்' ஆக இருக்கட்டும். ஆசிரியர் ஒரு சுற்றில் வேண்டுமென்றே ஒரு பழுதை ஒளித்து வைக்கட்டும். மாணவன் அதைக் கண்டுபிடித்ததற்கு மட்டுமன்றி, எந்த வரிசையில் எதைக் கழித்தான் என்று எழுதியதற்கும் மதிப்பெண் கிடைக்கட்டும். இரண்டு: ஆய்வகத்தில் ஒதுக்கிக் கிடக்கும் கருவிகளை விடுமுறை நாட்களில் மாணவர் குழுக்களிடம் ஆசிரியர் மேற்பார்வையில் கொடுங்கள். மூன்று: துறைக் கூட்டங்களுக்கு அறிஞர்களை அழைக்கும்போது ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மெக்கானிக்கையும் அழையுங்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. அவர்கள் கையில் உள்ள அறிவு எந்த நூலிலும் ஏறவில்லை. அவர்களோடு அது போய்விட்டால் திரும்பி வராது.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வைத்தார். நோயையும் அதன் வேரையும் அறியாமல் மருந்தைத் தொடாதே என்பது அதில் அவர் வகுத்த ஒழுங்கு. மருத்துவ மாணவருக்கு மட்டும் உரியதா அந்த ஒழுங்கு? நமக்கும் உரியதே.

இறுதியாக, அந்தப் பெட்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஏகாதசி விடியலில் மன்றம் நிரம்பியது. பாட்டிகள் பாய் விரித்து அமர்ந்து பார்த்தார்கள். வெள்ளையில் சற்றே மஞ்சள் கலந்திருந்தது. என்னையும் மாமாவையும் தவிர வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. மாசியில் அந்த மஞ்சள் மிகுந்தது. மாமா மறுபடியும் அட்டையை எடுத்தார். சிவப்பும் பச்சையும் பழையபடி ஒளிர்ந்தன. நீலம் மட்டும் அந்தி வானம்போல் மங்கியது. மின்னழுத்தங்கள் சரியாக இருந்தன. நீலக் குழாயே தேய்ந்து போயிருந்தது. வேறு குழாய்க்குப் போகும் செலவு தகாது என்று மாமா சொன்னார், மன்றம் ஏற்றுக்கொண்டது. இடையில் கிடைத்த மூன்று மாதங்களில் வீட்டுக்கு மாதம் நூறாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் புதுப் பெட்டி வந்தது. யாரும் கடன் வாங்கவில்லை.

பழைய பெட்டியின் குழாய்களை உடைக்காமல் மின்கழிவு வாங்குவோரிடம் ஒப்படைத்தோம். திரையில் இருந்த பெரிய ஃபிரனெல் வில்லைத் தகட்டை மன்றத்தார் எங்கள் துறைக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். இப்போது அது ஒளியியல் ஆய்வகத்தில், சூரிய ஒளி படாமல் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆம், கடைசியில் அந்தப் பெட்டியைக் கைவிட்டோம்தான். ஆனால் விசாரணையை முடித்துவிட்டுக் கைவிட்டோம். இனி உங்கள் வீட்டில் யாராவது 'கெட்டுப் போய்விட்டது' என்று சொன்னால், 'எங்கே?' என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். அறிவியல் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.